தம்பி கொடுக்கும் தசமபாகம் எங்கே போகிறது?

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய தம்பி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், லீஹையில் மென்பொருள் வேலை பார்க்கிறார். போன ஆண்டு, யூட்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட மோர்மோன் என்ற கிறிஸ்தவச் சபையில் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். ஆண்டுச் சம்பளம் 95,000 டாலர். திருமணமாகவில்லை, வாடகை வீடு. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகச் சபைக்குக் கொடுக்கிறாராம். "அவர்களிடம் ஏற்கெனவே 100 பில்லியன் டாலர் இருக்கிறது என்கிறார்களே, அப்புறம் இவன் பணம் எதற்கு? கணக்குக் கேட்டால் காட்டுவார்களா? வரியிலாவது கழியுமா?" என்று கேட்கிறார்.

கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். காட்டமாட்டார்கள். காட்டியாக வேண்டும் என்று அமெரிக்கச் சட்டமும் சொல்லவில்லை. அங்கே ஒரு சாதாரணத் தொண்டு நிறுவனம் ஆண்டுதோறும் படிவம் 990 என்ற ஒன்றை வரித்துறைக்குத் தர வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். தேவாலயங்களுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு. இந்தச் சபை கடைசியாகத் தன் செலவுக் கணக்கை விவரமாக வெளியிட்டது 1959இல். அதன்பிறகு ஒவ்வொரு ஏப்ரலிலும், மாநாட்டின்போது, சபையின் தணிக்கைத் துறை ஒரு சிறு அறிக்கை தரும்: வரவு செலவெல்லாம் விதிப்படி நடந்திருக்கிறது என்று. அதில் ஓர் எண்கூட இருக்காது. அதே சபை பிரிட்டனில் கணக்கை வெளியிடுகிறது. காரணம், அங்கே சட்டம் விடாது.

1959இல் ஏன் நிறுத்தினார்கள் என்பது சுவாரசியமான கதை. அப்போது உலகமெங்கும் வழிபாட்டுக் கூடங்களாகக் கட்டித் தள்ளினார்கள். வரவைச் செலவு தாண்டிப் போனது. 1963இல் தலைமைக் குழுவுக்கு வந்த கனடாக்காரர் எல்டன் டானர் புதிய கட்டட வேலைகளை நிறுத்திவைத்து, முதலில் கையிருப்பைச் சேர்க்க வேண்டும் என்றார். கடன் பயம் அவர்களுக்கு அதற்கும் முந்தையது. சபையினரிடையே அப்போது இருந்த பலதார மணத்தை ஒடுக்க அமெரிக்க அரசு 1887இல் ஒரு சட்டம் போட்டுச் சபையின் சொத்துகளைப் பறித்தது, சபை கடனில் விழுந்தது. அந்தக் கடனிலிருந்து மீளத்தான் 1899இல் அன்றைய தலைவர் லொரென்ஸோ ஸ்னோ ஊர் ஊராகப் போய்த் தசமபாகத்தை வலியுறுத்தினார். நொடித்துப்போன வீட்டில் வளர்ந்தவர் காசை எண்ணும் விதமே வேறு. அந்தப் பழக்கம் கையிருப்பு வழிந்த பிறகும் மாறவில்லை என்பதுதான் இப்போது பிரச்சினை.

சரி, அந்த 100 பில்லியன். 1997இல் சபை 'என்சைன் பீக் அட்வைசர்ஸ்' என்ற முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கியது. அங்கே வேலை பார்த்த டேவிட் நீல்சன் என்பவர் 2019 நவம்பரில் வரித்துறைக்கு ஒரு புகார் கொடுத்தார். சபைக்கு ஆண்டுக்குச் சுமார் 7 பில்லியன் டாலர் காணிக்கை வருகிறது, 6 பில்லியன் செலவாகிறது, மீதி ஒரு பில்லியன் இந்த நிதிக்குப் போகிறது, அப்படிப் போய்ப் போய் 100 பில்லியனைத் தொட்டுவிட்டது என்பது புகாரின் சாரம். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் எட்டரை லட்சம் கோடி. சபை இந்தத் தொகையை எண் சொல்லி ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் நிதியின் தலைவர் ரோஜர் கிளார்க் 2020இல், இது கெட்ட காலத்துக்கு எடுத்துவைத்த சேமிப்பு என்று ஒரு நாளிதழிடம் சொன்னார்.

அதில் ஒரு பகுதியை நீங்களே பார்க்கலாம். அமெரிக்கப் பங்குச் சந்தையை மேற்பார்க்கும் எஸ்ஈசியின் இணையதளத்தில் 'என்சைன் பீக்' என்று தேடினால் '13எஃப்' என்ற காலாண்டுப் பட்டியல் வரும்: எந்த நிறுவனத்தில் எத்தனை பங்கு, என்ன மதிப்பு. ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் எல்லாம் இருக்கும். அண்மைய ஆண்டுகளில் அதன் கூட்டுத்தொகை 50 பில்லியன் டாலரைத் தாண்டியது. நிலம், தனியார் முதலீடு, ரொக்கம் எதுவும் அதில் வராது. அதனால் அந்தப் பட்டியலை மட்டும் வைத்து மொத்தச் சொத்தைக் கணக்கிட வேண்டாம்.

இந்தப் பட்டியலை ஒளித்துவைக்கப் போய்த்தான் அபராதம் வாங்கினார்கள். பங்குகளைத் தங்கள் பெயரில் காட்டாமல், பெயருக்கு மட்டும் இருக்கும் 13 நிறுவனங்களை உண்டாக்கி அவற்றின் பெயரில் தாக்கல் செய்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அமெரிக்காவில் ஏதோவொரு ஊர் முகவரி, உள்ளூர்த் தொலைபேசி எண். கூப்பிட்டால் குரல்பதிவுதான் எடுக்கும். கையெழுத்துப் போட சபை ஊழியர்களையே பிடித்தார்கள். அதிலும் சாதாரணப் பெயர் உள்ளவர்களாக, சமூக வலைத்தளத்தில் அதிகம் தலைகாட்டாதவர்களாகப் பார்த்து. நம்ம ஊரில் செந்தில்குமார், முருகேசன் என்று தேடிப்பிடித்தது போல. 2023 பிப்ரவரியில் எஸ்ஈசி என்சைன் பீக்குக்கு 4 மில்லியன், சபைக்கு 1 மில்லியன் டாலர் அபராதம் போட்டது. மூத்த தலைமைக்குத் தெரிந்தே நடந்தது என்றும் அந்த உத்தரவு சொல்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: பணத்தை யாரும் சுருட்டியதாக அதில் இல்லை. மறைத்ததுதான் குற்றம். இரண்டையும் குழப்பிக்கொண்டு தம்பியிடம் பேசினால் ஒரே நிமிடத்தில் அவர் உங்களை மடக்கிவிடுவார்.

'தசமபாகம்' என்ற சொல்லைச் சபை எந்தப் பணத்துக்குப் பயன்படுத்துகிறது என்பதைப் பார்த்தால் மற்ற சர்ச்சைகள் தானே புரியும். சால்ட் லேக் சிட்டியில், ஆலயத்துக்கு எதிரிலேயே 'சிட்டி கிரீக்' என்ற வணிக வளாகம் இருக்கிறது. கண்ணாடிக் கூரை திறந்து மூடும். நடுவில் ஒரு செயற்கை ஓடை, அதில் நிஜ மீன்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு. 2012இல் திறந்தார்கள். தசமபாகப் பணம் இதில் சேராது என்று 2003இலேயே அன்றைய தலைவர் கார்டன் ஹிங்க்லி அறிவித்திருந்தார். பிறகுதான் தெரிந்தது, என்சைன் பீக்கிலிருந்து 1.4 பில்லியன் டாலர் போயிருக்கிறது என்று. சபையின் விளக்கம்: போனது காணிக்கை அல்ல, ஒதுக்கி முதலீடு செய்த நிதியின் வருமானம். அதாவது வைப்புத்தொகையைத் தொடவில்லை, வட்டியைத்தான் எடுத்தோம் என்பது போல.

முன்னாள் உறுப்பினர் ஜேம்ஸ் ஹண்ட்ஸ்மன் இதை ஏற்கவில்லை. 5 மில்லியன் டாலருக்கு மேல் கொடுத்தவர் அவர். ஏமாற்றிவிட்டீர்கள், திருப்பிக் கொடுங்கள் என்று 2021இல் வழக்குப் போட்டார். 2023இல் மேல்முறையீட்டு அமர்வு ஒன்று அவர் பக்கம் நின்றது. ஆனால் 2025 ஜனவரியில் 11 நீதிபதிகள் கொண்ட பேரமர்வு ஒருமனதாகச் சபைக்கே தீர்ப்பளித்தது: முதலீட்டு வருமானத்தைப் பயன்படுத்துவோம் என்று சபை முன்பே சொல்லியிருக்கிறது, பொய் சொல்லவில்லை. சட்டப்படி சரி. ஆனால் கொடுத்தவர் மனதில் அந்தக் கோடு அவ்வளவு தெளிவாக விழுந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

நிலமும் உண்டு. ஃபுளோரிடாவில் ஓர்லாண்டோ அருகில் சுமார் 3 லட்சம் ஏக்கர் மாட்டுப் பண்ணை. அதே மாநிலத்தில் 2014இல் இன்னொரு பெரும் காட்டுநிலமும் வாங்கினார்கள். தொலைக்காட்சி நிலையம், நாளிதழ், பதிப்பகம் ஆகிய வணிக நிறுவனங்களும் இருக்கின்றன. அவை வரி கட்டுகின்றன. இன்னொரு பக்கம், 2023இல் நலப்பணிக்கும் மனிதநேய உதவிக்குமாக 1.36 பில்லியன் டாலர் செலவிட்டதாகச் சபை சொல்கிறது. அது பெரிய தொகைதான். கையிருப்போடு வைத்துப் பார்த்தால் சிறிய தொகை.

இனி தம்பியின் வரி. அமெரிக்காவில் நன்கொடையைக் கழிக்க வேண்டுமானால் பொதுவாகக் கழிவுகளைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டாதவர் எல்லோருக்கும் பொதுவான ஒரு தொகையைக் கழிக்கலாம், அதுதான் நிலையான கழிவு. 2025ஆம் ஆண்டுக்கு, தனி ஆளுக்கு 15,750 டாலர். தம்பி கொடுப்பது 9,500. அதோடு கழிவாகக் காட்டக்கூடிய யூட்டா மாநில வரி சுமார் 4,000. கூட்டினால் 13,500தான். நிலையான கழிவே அதிகம் என்பதால் அந்த ஆண்டு தசமபாகத்தால் அவருக்கு ஒரு டாலர்கூட வரி குறையாது. 2026 முதல் நிலையான கழிவு எடுப்பவரும் கூடுதலாக 1,000 டாலர் வரை நன்கொடையைக் கழிக்கலாம், அவ்வளவுதான்.

வழி இருக்கிறது. ஓர் ஆண்டுக்கானதை எடுத்துவைத்து அடுத்த ஜனவரியில் கொடுத்துவிட்டு, அந்த ஆண்டுக்கானதை அதே டிசம்பரில் கொடுத்தால், ஒரே வரி ஆண்டில் 19,000 ஆகிறது. மாநில வரியோடு 23,000. அப்போது தனித்தனியாகக் காட்டுவது லாபம். (2026 முதல் வருமானத்தில் அரை சதவீதத்துக்கு மேற்பட்ட நன்கொடைதான் கழியும், இவருக்கு 475 டாலர் போகும், பரவாயில்லை.) கம்பெனி கொடுத்த பங்குகள் வாங்கி ஓராண்டுக்கு மேலாகி, விலையும் ஏறியிருந்தால், ரொக்கத்துக்குப் பதில் பங்கையே கொடுக்கலாம், சபை வாங்கிக்கொள்ளும், ஏறிய லாபத்துக்கு வரியும் இல்லை. மொத்தச் சம்பளத்தில் பத்தில் ஒன்றா, கைக்கு வருவதில் பத்தில் ஒன்றா என்பதையும் சபை உறுப்பினரின் முடிவுக்கே விட்டிருக்கிறது. கைக்கு 72,000 வருகிறது என்றால் 7,200 கொடுத்துவிட்டு அவர் 'முழுத் தசமபாகம்' என்று சொல்லலாம். ஆண்டுக் கடைசியில் பிஷப்பை (அந்த வட்டாரச் சபையின் தலைவரை) சந்திக்கும்போது முழுமையாகவா, பகுதியா, இல்லையா என்பதுதான் கேள்வி. சம்பளச் சீட்டை யாரும் கேட்பதில்லை.

ஏழைகளுக்குப் போக வேண்டும் என்பதுதான் தம்பியின் எண்ணமென்றால், காணிக்கைச் சீட்டை அவரோடு உட்கார்ந்து படியுங்கள். தசமபாகத்துக்குக் கீழே உபவாசக் காணிக்கை என்று ஒரு வரி இருக்கும்: மாதம் ஒரு ஞாயிறு இரண்டு வேளை பட்டினி கிடந்து, மிச்சமான சாப்பாட்டுக் காசைக் கொடுப்பது. முதலில் அந்த வட்டாரத்து ஏழைகளுக்கே அது போகும். மனிதநேய உதவி என்று இன்னொரு வரியும் உண்டு. அடியில் பொடி எழுத்தில் ஒன்று எழுதியிருக்கும்: குறிப்பிட்ட நோக்கத்துக்கே செலவிட முயல்வோம், ஆனாலும் எல்லாக் காணிக்கையும் சபையின் சொத்து, பயன்படுத்துவது சபையின் விருப்பம் என்று. அதைத் தெரிந்துகொண்டு கொடுப்பதும் தெரியாமல் கொடுப்பதும் ஒன்றல்ல.

ஆனால் தம்பி இதை வழிபாடாக நினைத்துக் கொடுக்கிறார் என்றால், மேலே சொன்ன எந்த எண்ணும் அவரை அசைக்காது. அசைக்க முயலவும் வேண்டாம். ஒன்றை மட்டும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சிறப்புச் சடங்குகளுக்கான ஆலயத்துக்குள் (ஞாயிறு வழிபாட்டுக் கூடம் வேறு) போக பிஷப் தரும் அனுமதி வேண்டும். முழுத் தசமபாகம் கொடுப்பவருக்குத்தான் அது கிடைக்கும். நாளை தம்பி ஆலயத்தில் கல்யாணம் செய்துகொண்டால், அனுமதி இல்லாத நீங்களும் அம்மாவும் வெளியில்தான் நிற்க வேண்டும். முதலில் வெளியே எல்லோர் முன்னிலையிலும் பதிவுத் திருமணம், பிறகு ஆலயச் சடங்கு என்று வைத்துக்கொள்ள 2019இலிருந்து தடையில்லை. முன்பு அப்படிச் செய்தால் ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. இதைத் தம்பியிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.