மே மாதம் பிள்ளைகளோடு திருநெல்வேலி மாவட்டத்து உவரிக் கடற்கரைக்குப் போகலாமா, வெயில் எப்படி?

தாராளமாகப் போகலாம், நேரம் பார்த்துப் போங்கள். பாளையங்கோட்டையில் 38, 39 டிகிரி கொளுத்தும் நாளில்கூட உவரியில் அவ்வளவு ஏறாது. பகலில் தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான். தரைமேல் உள்ள காற்று லேசாகி மேலே எழும்ப, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். ஆனால் ஈரப்பதம் அதிகம். நிழலில் நின்றாலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மதியம் மணலில் வெறுங்கால் வைக்கவே முடியாது. சுயம்புலிங்க சுவாமி கோயிலில் வேண்டுதலுக்கு ஓலைப்பெட்டியில் கடல்மண் சுமப்பதாக இருந்தால் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

ஜூன் பிறந்தால் கதையே வேறு. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வறண்டு பாயும். குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது இங்கே மணல்தான் முகத்தில் அடிக்கும்.

அப்புறம், கள்ளக்கடல். தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலில் வீசும் பலத்த காற்று எழுப்பும் அலை, இங்கே காற்றே இல்லாதபோதும் திடீரென்று கரையேறும். ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துப் போனது. எச்சரிக்கை வந்திருந்தால் பிள்ளைகளைக் கால் நனைக்கக்கூட விடாதீர்கள். கரையில் நிற்கும் மீனவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், கடல் அன்றைக்கு எப்படி என்று சொல்லிவிடுவார்கள்.