அப்பாவின் ஜிப்சிக்கு என்ன விலை சொல்வது?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூருக்கு அருகே எங்களுக்கு நான்கு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. என் தந்தை 2007 ஜூனில் புதிதாக வாங்கிய மாருதி ஜிப்சி, துணிக்கூரை போட்ட பெட்ரோல் வண்டி, தோட்ட வீட்டில் நிற்கிறது. மீட்டரில் 38,400 கி.மீ. மட்டுமே காட்டுகிறது. தந்தை சென்ற ஆண்டு காலமானார். அதற்கு முன்பே இரண்டு ஆண்டுகளாக அவர் வண்டியை எடுக்கவில்லை. ஆர்.சி. 2027 ஜூன் வரை இருக்கிறது, இன்சூரன்ஸ் முடிந்து பதினான்கு மாதம் ஆகிறது. உள்ளூர் மெக்கானிக் ஒருவர் நிற்கிற நிலையிலேயே 2.25 லட்சத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். சரிசெய்ய 70,000 ரூபாய் ஆகும் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்: டயர்களுக்கும் துணிக்கூரைக்கும் 42,000; பிரேக், பேட்டரி, டைமிங் பெல்ட், ஹோஸ்களுக்கு 28,000. என் சித்தப்பா மகனோ 5.5 முதல் 7.25 லட்சம் வரை போட்டிருக்கும் விளம்பரங்களைக் காட்டி, ஏழுக்குக் குறையாதே என்கிறான். பெங்களூரிலிருந்து ஒருவர் வண்டியைப் பார்க்காமலே ஐந்து தருவதாகப் போனில் சொன்னார். குப்பனூரில் எங்களுக்குத் தெரிந்தவர், 96,000 கி.மீ. ஓடிய 2008 வண்டியை, ஒரே உரிமையாளர், நல்ல ஓட்டத்தில் இருந்தது, சென்ற ஆண்டு 4.10 லட்சத்துக்கு விற்றார். பக்கத்துத் தோட்டக்காரரும் கேட்கிறார். அப்பாவின் நண்பர் என்பதால் அவரிடம் என்ன சொல்வது என்று தயக்கமாக இருக்கிறது. நியாயமான விலை எது?
– வாசகி, சேலம்

பதில்: உங்கள் கடிதத்தில் ஐந்து விலைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் உண்மையில் கை மாறிய பணம். அது குப்பனூர் வண்டியின் 4.10 லட்சம். மற்றவை ஆசை, பேரத்தின் தொடக்கம், அல்லது வெறும் பேச்சு. எனவே கணக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சாதாரணக் கார் என்றால் வயதைக் கொண்டு ஓரளவு விலையை யூகிக்கலாம். இன்சூரன்ஸ் நிறுவனங்கள் பின்பற்றும் தேய்மான அட்டவணைப்படி வண்டியின் மதிப்பு நான்காம் ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் பாதியாகக் குறைகிறது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அட்டவணை கிடையாது, நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகைதான். ஜிப்சி இந்தப் பாதையிலேயே போகாத வண்டி. 1985இல் அறிமுகமாகி, 2019 தொடக்கத்தில் பொதுமக்களுக்கான விற்பனை நின்றுபோன பிறகு, எடை குறைந்த, லீஃப் ஸ்பிரிங் வைத்த, செங்குத்து ஏற்றத்துக்கு உதவும் கீழ்க்கியர் வசதியுள்ள நான்கு சக்கர இயக்க வண்டி அந்த விலையில் புதிதாகக் கிடைப்பதில்லை. 2023இல் வந்த ஜிம்னி சாலைக்கு வரும்போது பத்து லட்சத்தை நன்றாகத் தாண்டிவிடுகிறது. ஜிப்சியின் விலை கீழே விழாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். அதே காரணம் விலைக்கு ஒரு மேல் எல்லையையும் வைக்கிறது: ஏழு லட்சம் கையில் உள்ளவர் பழைய ஜிப்சியை மட்டும் பார்க்க மாட்டார், அந்தப் பணத்துக்குச் சில ஆண்டுகள் ஓடிய மஹிந்திரா தார் வண்டிகளையும் விசாரிப்பார்.

உங்கள் சகோதரர் காட்டிய விளம்பரங்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அவற்றைப் படிக்கும் முறை வேறு. விளம்பரத்தில் இருப்பது விற்பவர் கேட்கும் விலை. இரண்டு மாதமாக அதே விலையில் அப்படியே நிற்கும் விளம்பரம், அந்த விலைக்கு ஆள் வரவில்லை என்பதற்கான சாட்சி. விளம்பரங்களைக் குறித்துவைத்து, இரண்டு வாரத்தில் மறைந்தவற்றின் எண்களுக்குப் போன் செய்து, “விற்றுவிட்டதா, கடைசியில் எவ்வளவுக்குப் போனது?” என்று பணிவாகக் கேளுங்கள், விற்று முடித்தவருக்கு மறைக்கக் காரணமில்லை, பலர் சொல்லிவிடுவார்கள். இப்படி இன்னும் இரண்டு உண்மை விற்பனைகள் கிடைத்தால் 4.10 என்ற ஒற்றைத் தூணில் கணக்கு நிற்க வேண்டியிருக்காது. ஒப்பிடும்போது ராணுவ ஏலத்தில் வந்து மறுபதிவு செய்யப்பட்ட ஜிப்சிகளைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். 2000க்கு முந்தைய கார்புரேட்டர் வண்டிகளையும் உங்கள் எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும்) எஞ்சின் வண்டியோடு சேர்க்க வேண்டாம்.

இனி 38,400 என்ற எண்ணுக்கு வருகிறேன், ஏனெனில் நீங்கள் அதிகம் நம்பியிருப்பது அதைத்தான். குறைந்த கிலோமீட்டர் என்பது நிரூபிக்கும்வரை வெறும் கூற்று. மீட்டரைத் திருப்புவது பழைய வண்டி வியாபாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை என்பதால், காகிதம் இல்லாத குறைந்த எண் சில நேரம் சந்தேகத்தைத்தான் கூட்டும். உங்கள் தந்தை பில்களைப் பத்திரப்படுத்தும் வழக்கமுள்ளவராக இருந்திருந்தால், கிலோமீட்டர் எழுதிய சர்வீஸ் பில்கள், 2022 ஆர்.சி. புதுப்பிப்புக்கான ஆவணங்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரு கோப்பில் சேருங்கள். அந்தக் கோப்புக்கு ஒரு புது டயர் செட்டைவிட அதிக மதிப்பு உண்டு. பில்கள் இல்லையென்றால் மிதிகளின் ரப்பர், ஸ்டியரிங், ஓட்டுநர் இருக்கை ஆகியவற்றின் தேய்மானம்தான் சாட்சி. அனுபவமுள்ளவர் முதலில் அங்கேதான் பார்ப்பார்.

அந்த எண் உண்மையே என்றாலும், தோட்டத்துக் கிலோமீட்டரும் ஓமலூர் நெடுஞ்சாலைக் கிலோமீட்டரும் ஒன்றல்ல. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, அதன் பிறகு தோட்டத்து மண்பாதையில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்த வண்டியில், எஞ்சின் சுழன்ற மணிநேரம் மீட்டர் காட்டுவதைவிட மிக அதிகம். கிளச்சும் பிரேக்கும் வயதுக்கு மேல் தேய்ந்திருக்கும். உர மூட்டை ஏற்றிய வண்டி என்றால் பின்பக்கத் தரைத் தகட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: பொட்டாஷும் பிற உர உப்புகளும் கொட்டி, ஏற்காட்டுப் பனியின் ஈரமும் சேர்ந்தால் இரும்பு உள்ளுக்குள் அரிக்கும். தரை விரிப்பைத் தூக்கி, அடியில் படுத்து, சேஸியின் குறுக்குச் சட்டங்களைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சேஸியில் ஓட்டை இருந்தால் நான் கீழே போடும் கணக்கு செல்லாது; அந்த வண்டியின் விலை மெக்கானிக் சொன்னதற்கு அருகில்தான் நிற்கும்.

சும்மா நின்ற மூன்று ஆண்டுகளும் ஒரு செலவுதான். டேங்கில் பழைய பெட்ரோல் பிசினாகிறது, பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சுகிறது, ரப்பர் இறுகுகிறது. டைமிங் பெல்ட் கிலோமீட்டரால் மட்டுமல்ல, காலத்தாலும் கெடும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2213 என்றிருந்தால் 2013ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். பட்டன் தேயாமல் பளபளப்பாக இருந்தாலும் அந்த டயரில் மலை இறங்கக் கூடாது.

இப்போது கணக்கு. குறைந்த ஓட்டத்துக்கு எவ்வளவு கூட்டுவது என்பதைக் கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று போடாதீர்கள். 96,000 ஓடிய வண்டியை வாங்குபவர் விரைவில் செய்ய வேண்டிவரும் எந்தெந்த வேலைகள் உங்கள் வண்டியில் இன்னும் வரவில்லை, அவற்றின் செலவு என்ன என்று ஒரு பட்டறையில் கேளுங்கள். அந்தத் தொகைதான் குறைந்த ஓட்டத்தின் விலை. மலை ஓட்டத்தால் கிளச்சை அதில் சேர்க்காமல், என் மதிப்பீட்டில் அதை 65,000 என்று வைக்கிறேன். 4.10 லட்சத்தோடு அதைக் கூட்டினால் 4.75, அது ஓடுகிற, சரிசெய்யப்பட்ட வண்டியின் விலை. உங்கள் வண்டிக்கு 70,000 ரூபாய் வேலை இருப்பதால், நிற்கிற நிலையில் 4.05 லட்சம். (அந்த 70,000ஐ எழுதித் தந்தவரே வண்டியை வாங்கவும் விரும்புகிறார் என்பதைக் கவனித்தீர்களா? வாங்கும் எண்ணமில்லாத சேலத்துப் பட்டறை ஒன்றில் இரண்டாவது மதிப்பீடு வாங்குங்கள். தொகை குறைந்தால் மிச்சம் உங்களுடையது.)

அதில் 28,000 ரூபாய் வேலையை மட்டும் நீங்களே செய்துவிடுங்கள். அப்போது மதிப்பு 4.33 லட்சம்; செலவைக் கழித்தால் மறுபடியும் அதே 4.05தானே, எதற்கு இந்தச் சிரமம் என்று கேட்பீர்கள். கிளம்பாத வண்டியில் குறைந்த ஓட்டத்துக்கான 65,000ஐ ஒருவரும் தர மாட்டார் என்பதால்தான். பிரேக் பிடிக்கிற, நான்கு சக்கர இயக்கமும் கீழ்க்கியரும் தடையின்றி விழுகிற வண்டியைத் தோட்டத்துக்குள் ஒருமுறை ஓட்டிக் காட்டினால்தான் அந்தக் கூடுதல் உங்கள் கைக்கு வரும். டயரையும் துணிக்கூரையையும் அப்படியே விடுங்கள். ஜிப்சி வாங்குபவருக்கு டயரில் சொந்த விருப்பம் இருக்கும், நீங்கள் போடும் டயருக்கு முழு விலை திரும்பாது. பெயின்ட் அடிக்கவே வேண்டாம். பழைய வண்டியில் புதுப் பெயின்ட் எதையோ மறைப்பதாகவே படும்.

ஆகவே வேலை முடிந்த பின் கேட்கும் விலை 4.60 லட்சம், உங்கள் மனத்துக்குள் இருக்க வேண்டிய கடைசி விலை 4.15 லட்சம், முடிய வேண்டிய இடம் 4.30ஐ ஒட்டி. ஏழு என்று சொல்லிப் பேரத்தில் இறங்கலாம் என்பது சரிவராது: யானை விலை சொன்னால் உண்மையில் வாங்கக்கூடியவர் போனே செய்ய மாட்டார், புரோக்கர்கள் மட்டும் வருவார்கள். காத்திருப்பதும் இலவசமல்ல. 4.30 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 6.5 சதவீதம் என்று கொண்டால் மாதம் சுமார் 2,300 ரூபாய் போகிறது; அதோடு ஆர்.சி.யின் மீதிக்காலமும் கரைகிறது. பதினைந்து ஆண்டு கடந்த கார்களுக்கு 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆன புதுப்பிப்புக் கட்டணம், இருபது ஆண்டைக் கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கப்பட்டது. 2027 ஜூனை நெருங்க நெருங்க, அந்தக் கட்டணம், தகுதிச் சோதனை, பசுமை வரி மூன்றையும் வாங்குபவர் உங்கள் விலையிலிருந்துதான் கழிப்பார்.

பெங்களூர்க்காரரின் ஐந்து லட்சத்தை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். வேறு மாநிலத்துக்குப் போக ஆர்.டி.ஓ. அலுவலகத் தடையின்மைச் சான்று வேண்டும், கர்நாடகத்தில் அவர் சாலை வரி கட்ட வேண்டும். வண்டியைப் பார்த்த பிறகு இவை எல்லாம் பேரத்துக்கு வரும். நேரில் வந்தும் ஐந்து என்றால் மகிழ்ச்சியோடு கொடுங்கள். முன்பணம் அனுப்புகிறேன் என்று கியூ.ஆர். கோடு அனுப்பினால் அதைத் தொடாதீர்கள்.

பக்கத்துத் தோட்டக்காரரிடம் அதே 4.60ஐச் சொல்வதில் எந்தத் தவறும் இல்லை. கணக்கு எழுதிய தாளையும் பட்டறை மதிப்பீட்டையும் அவர் முன் வைத்துவிடுங்கள். அந்த வண்டி ஏறி இறங்கியதைப் பதினெட்டு ஆண்டுகளாகப் பார்த்தவர், அவருக்கு நிரூபிக்க உங்களுக்கு எதுவும் இல்லை. விளம்பரம், அலைச்சல், தெரியாத ஆட்களைத் தோட்டத்துக்கு வரவழைப்பது எல்லாம் மிச்சமாவதால் அவருக்கு 4.20க்குக் கொடுத்தாலும் நீங்கள் இழப்பது மிகச் சிறிது. ஆனால் நட்புக்காக 2.25 அளவுக்கு இறங்காதீர்கள். அந்தப் பணத்தில் உங்கள் தாயாருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் பங்கு உண்டு.

விற்கும் முன் வண்டி வாரிசின் பெயருக்கு வர வேண்டும். இதற்குப் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் எழுத்துச் சம்மதம் ஆகியவை தேவை. இறந்த மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டிய வேலை இது. தாமதத்துக்கு அபராதம் கேட்கலாம், அதையும் செலவில் சேருங்கள். பெயர் மாறியதும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸும் புகைச் சான்றும் எடுத்த பிறகே பொதுச் சாலையில் யாரையும் ஓட்டிப் பார்க்க விடுங்கள். விற்கும் நாளில் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, நாளும் நேரமும் எழுதிய ஒப்படைப்புக் கடிதம் வைத்து, பெயர் மாற்றத்தை நீங்களே முன்னின்று முடியுங்கள். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது; கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தோடு வண்டியை அனுப்புவது மிகப் பெரிய ஆபத்து.

பணம் வங்கி வழியாகவே வரட்டும். ஒரே விற்பனைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் உங்கள் மேல்தான் விழும். குடும்பச் சொந்த உபயோகக் கார் மூலதனச் சொத்தில் சேராது என்பதால் மூலதன ஆதாய வரி வராது. தந்தை அதைத் தோட்டக் கணக்கில் காட்டித் தேய்மானம் எடுத்திருந்தால் மட்டும் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

காலத்தைப் பற்றி ஒன்று: வாங்கக்கூடியவர்கள் பெரும்பாலும் உங்களைப் போன்ற தோட்டக்காரர்களே. காப்பிப் பழம் பறித்து, காய வைத்து, விற்று, மிளகும் கைக்கு வரும் பிப்ரவரி, மார்ச்சில்தான் அவர்களிடம் பணம் புழங்கும். பெயர் மாற்றத்தையும் பிரேக் வேலையையும் அதற்குள் முடித்து, அப்போது 4.60 என்று சொல்லுங்கள். ஆறு வாரத்தில் நேரில் பார்க்க மூவர்கூட வரவில்லையென்றால் 4.40க்கு இறக்குங்கள்.