ஆக்ராவில் பாதிரியார் எதை ஒப்புக்கொண்டார்?

கேள்வி: 1854-இல் ஆக்ராவில் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவியோடு நடந்த விவாதத்தில், பைபிள் மாற்றப்பட்டது என்று பாதிரியார் ஃபாண்டரே ஒப்புக்கொண்டுவிட்டார். அதற்கு அப்புறமும் கிறிஸ்தவர்கள் அதை இறைவேதம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?
- வாசகர் ஒருவர், மேலப்பாளையம்

பதில்: ஒப்புக்கொண்டது உண்மைதான். எதை ஒப்புக்கொண்டார் என்பதை மட்டும் நீங்கள் கேள்வியில் விட்டுவிட்டீர்கள்.

அந்த ஏப்ரலில் விவாதம் நடந்தது இரண்டே நாள். ஃபாண்டர் ஜெர்மானிய மிஷனரி. பைபிள் மாறவே இல்லை, குர்ஆனே அதற்குச் சாட்சி என்று 'மீஸானுல் ஹக்' நூலில் வாதாடியவர். மௌலானாவுக்குத் துணையாக வந்தவர் டாக்டர் வஸீர் கான், ஆங்கிலம் அறிந்த மருத்துவர். ஐரோப்பிய பைபிள் ஆய்வாளர்கள் எழுதியதையே அவர் எடுத்துக் காட்டினார். பாதிரியார் இதை எதிர்பார்க்கவில்லை. நகலெடுத்தவர்கள் விட்ட பிழைகள் உண்டு, சில இடங்களில் வாசகம் வேறுபடுகிறது, ஆனால் போதனை எதுவும் கெடவில்லை என்றார். பிழை புகுந்த நூலை ஆதாரமாக ஏற்க முடியாது என்றார் மௌலானா. விவாதம் அங்கேயே நின்றது. திரித்துவம் (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற கோட்பாடு) போன்ற மற்ற தலைப்புகளுக்குப் போகவே இல்லை. பிறகு இரண்டு பக்கமும் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டன. விவாத மேடைகளின் வழக்கம் அன்றும் அதுதான்!

நகலெடுக்கும்போது கை தவறுவது ஒன்று. வேண்டுமென்றே வசனத்தை நுழைப்பது இன்னொன்று. வசனத்தை அப்படியே வைத்துக்கொண்டு பொருளைத் திரிப்பது மூன்றாவது. 'மாற்றம்' என்ற ஒரே சொல்லில் மூன்றையும் கட்டிப்போட்டால் யாரும் யாரையும் வெல்லலாம். குர்ஆன் 4:46 'சொற்களை அவற்றின் இடத்திலிருந்து புரட்டுகிறார்கள்' என்கிறது. அதற்கு விரிவுரை எழுதிய ராஸி, பொருளைத் திரிப்பது என்ற கருத்தையே சரியானதாகக் கொண்டார். ஸ்பெயினின் இப்னு ஹஸ்மோ, எழுத்திலேயே கலப்படம் நடந்தது என்று 11-ஆம் நூற்றாண்டில் கடுமையாக வாதாடினார். முஸ்லிம் அறிஞர்களுக்குள்ளேயே இது ஒரே குரலில் இல்லை.

கிறிஸ்தவ நண்பர்கள் இதைப் படித்துவிட்டுக் கைதட்ட வேண்டாம். 'ஒரு எழுத்துகூட மாறவில்லை' என்று பிரசங்கம் செய்பவர்கள், புராட்டஸ்டன்ட் சபைகளில் புழங்கும் பழைய தமிழ் பைபிளில் 1 யோவான் 5:7-ஐ எடுத்துப் பாருங்கள். பரலோகத்தில் சாட்சியிடுகிறவர்கள் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்று இருக்கும். அப்படியே, பிற்காலப் பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலிய'த்தையும் திறந்து பாருங்கள். அந்த வரி அங்கே இருக்காது. பழைய கிரேக்கப் பிரதிகளில் அது இல்லை என்பதால் விட்டுவிட்டார்கள். டச்சு அறிஞர் எராஸ்மஸ்கூட 1516-இல் அச்சிட்ட கிரேக்கப் பதிப்பில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு 1522-இல் சேர்த்தார்.

ஆக்ரா விவாதத்துக்கு ஐந்து வருஷம் கழித்து, 1859-இல், சீனாய் மலை மடத்தில் 4-ஆம் நூற்றாண்டு கிரேக்க பைபிள் ஒன்றின் பெரும்பகுதி டிஷெண்டார்ஃப் என்ற அறிஞர் கையில் கிடைத்தது. இரண்டு பேரில் யாராவது அதை மேசையில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாற்கு சுவிசேஷம் அதில் 16:8-லேயே முடிந்துவிடுகிறது. உயிர்த்தெழுந்த இயேசு காட்சி தரும் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் இல்லை. மௌலானாவுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் முஸ்லிம்கள் மறுக்கும் சிலுவை மரணம் அதில் இருக்கிறது, பவுலின் நிருபங்கள் இருக்கின்றன. முஹம்மது நபி (ஸல்) பிறப்பதற்கு இருநூறு வருஷத்துக்கு மேல் முந்தைய ஏடு. ஆகவே இஸ்லாத்துக்குப் பயந்து பிற்பாடு திருத்தினார்கள் என்ற கதை அதோடு செத்துப்போகிறது.

இதற்குப் பதிலடியாக, 'கலீஃபா உஸ்மான் ஒரே பிரதியை நிலைநிறுத்தி, மற்ற குர்ஆன் பிரதிகளை எரித்தாரே' என்று ஒரு சாரார் கேட்பார்கள். அது மூடி வைத்த ரகசியமல்ல. நபிமொழித் தொகுப்பான புகாரி ஹதீஸிலேயே வெளிப்படையாக இருக்கிறது. பிரதிகளில் பேதம் இருந்தாலும் தன் வேதம் கெடவில்லை என்கிறவர், அடுத்தவர் வேதத்துக்கு மட்டும் வேறு தராசு தூக்குவது அழகல்ல. கேள்வி கேட்ட உங்களுக்கும் அதேதான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எப்படிச் சொல்கிறார்கள்? வேதம் என்றால் என்ன என்பதிலேயே இரண்டு பேரும் வேறு வேறு இடத்தில் நிற்கிறார்கள். உங்களுக்கு வேதம் என்பது இறைவன் நபிக்கு இறக்கியருளிய சொல். ஆகவே ஈஸா நபிக்கு (இயேசுவுக்கு) அருளப்பட்ட இன்ஜீல் எங்கே என்று தேடுகிறீர்கள். இயேசு கையில் ஒரு புத்தகம் இறங்கியது என்று கிறிஸ்தவர்கள் சொன்னதே இல்லை. அவரைப் பற்றி நால்வர் எழுதியதை, தேவ ஆவியின் ஏவுதலால் எழுதப்பட்டது என்று ஏற்கிறார்கள். லூக்கா தன் நூலின் தொடக்கத்திலேயே, எல்லாவற்றையும் ஆதிமுதல் விசாரித்துத் தெரிந்துகொண்டு ஒழுங்காக எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறார், தெயோப்பிலு என்பவருக்குக் கடிதம் எழுதுவதுபோல.