எக்ஸ்பார்ட்டி ஆனால் வாய் திறக்கவே முடியாதா?

கேள்வி: அண்ணன் மகன் போட்ட பாகப்பிரிவினை வழக்கில் சம்மன் வாங்கினேன். வாய்தாவுக்குப் போகவில்லை. என்னை எக்ஸ்பார்ட்டி ஆக்கிவிட்டார்களாம். இனி நான் பேசவே முடியாதா?

பதில்: பேசலாம். எக்ஸ்பார்ட்டி என்றால், நீங்கள் வராததால் நீங்கள் இல்லாமலே வழக்கை நடத்துவது. முதலில் ஒன்றைப் பாருங்கள்: எக்ஸ்பார்ட்டி உத்தரவு மட்டும்தானா, தீர்ப்பே வந்துவிட்டதா? சம்மனில் உள்ள வழக்கு எண்ணை கோர்ட்டுகளின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் போட்டால் தெரிந்துவிடும். இதைப் பார்த்துச் சொல்லவே பணம் கேட்கும் ஆட்கள் கோர்ட் வாசலில் நிற்கிறார்கள். அவர்களிடம் சம்மனைக் கொடுக்காதீர்கள், வெற்று வக்காலத்திலும் வெள்ளைத்தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். 'உள்ளே சொல்லிச் சரிக்கட்டிவிடுகிறேன்' என்பது பச்சைப் பொய். நீதிபதி உத்தரவு போடாமல் எக்ஸ்பார்ட்டி நீங்காது.

உத்தரவு மட்டும் என்றால், சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 9, விதி 7-ன்படி அடுத்த வாய்தாவிலோ அதற்கு முன்போ வராததற்குத் தக்க காரணம் காட்டி மனுப் போடுங்கள். எதிருரையையும் (வாதியின் வழக்குக்கு நீங்கள் எழுத்தில் தரும் பதில்) அன்றே தாக்கல் செய்யுங்கள். அது இல்லாத மனுவை இழுத்தடிப்பு என்றே கோர்ட் பார்க்கும். செலவுத்தொகை கட்டச் சொன்னால் கெடு தேதிக்குள் கட்டிவிடுங்கள். தவறினால் மனு தள்ளுபடி.

மனு தள்ளுபடியானாலும் கதவு முழுக்க அடைபடாது. 1955-ல் சங்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, வழக்கு நிற்கும் கட்டத்திலிருந்து கலந்துகொள்ளலாம். வாதியின் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம், வாதம் வைக்கலாம். முடிந்துபோன கட்டத்துக்குத்தான் திரும்ப முடியாது.

தீர்ப்பு வந்திருந்தால், அதை ரத்து செய்யக் கேட்டு அதே ஆணை 9-ன் விதி 13-ல் மனுப் போடுங்கள். தீர்ப்பாணை (தீர்ப்பின்படி கோர்ட் எழுதும் ஆணை) தேதியிலிருந்து 30 நாள் கெடு. அது தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம் என்பது சம்மன் முறையாகச் சேராதவர்களுக்கு மட்டும். வீட்டில் யாரோ வாங்கினார்கள், கதவில் ஒட்டினார்கள் என்று பலர் இதில் வாதாடுவார்கள். சம்மனைச் சேர்ப்பித்ததில் சிறு குறை இருந்தாலும், வாய்தா தேதி உங்களுக்குத் தெரிந்திருந்து, வர அவகாசமும் இருந்தால், அந்தக் குறைக்காக மட்டும் தீர்ப்பு ரத்தாகாது. நீங்களோ கையில் வாங்கியவர், அந்த வாதம் உங்களுக்கு வேண்டாம். நாள் கடந்திருந்தால் தாமத மன்னிப்பு மனுவும் சேர்த்துப் போடுங்கள். காரணத்தை உண்மையாக, தேதி தேதியாக எழுதுங்கள். விலைக்கு வாங்கும் மருத்துவச் சான்று குறுக்கு விசாரணையில் நிற்காது.

பாகப்பிரிவினையில் இன்னொரு கண்ணி உண்டு. முதலில் வருவது முதல்நிலைத் தீர்ப்பாணை. பங்கு அதிலேயே முடிவாகிவிடும். 'இறுதித் தீர்ப்பாணை வரட்டும்' என்று காத்திருந்தால் அந்த 30 நாள் போய்விடும். இதைச் சாதாரணத் தமிழில் அச்சடித்துச் சம்மனோடு கொடுக்க ஒரு தாள் போதும். அதைக்கூட இந்த அமைப்பு செய்வதில்லை. வக்கீல் கிடைக்காவிட்டால் கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் குழுவில் நாளையே எழுதிக் கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வக்கீல் உண்டு.