மூன்று மாதம் ஷெட்டில் நிற்கும் அம்பாசடர்

கேள்வி: ஊட்டியில் என்னிடம் 1968 மாடல் மார்க் 2 அம்பாசடர் இருக்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சென்னையில் மகள் வீட்டில் இருப்பேன். பக்கத்து வீட்டுத் தம்பி, "வாரம் ஒரு தரம் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன் சார்" என்கிறார். அது போதுமா? பனிக்குப் பயந்து ரேடியேட்டர் தண்ணீரை இறக்கிவிடலாமா?

பதில்: தம்பிக்கு நன்றி சொல்லிவிட்டு, சாவியைச் சென்னைக்கே எடுத்துப் போங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். பத்து நிமிட ஐட்லிங்கில் ஆயில் சரியாகச் சூடேறாது. அந்த ஆவி சைலன்சரிலும், இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பிலும் தண்ணீராகத் தங்கிவிடும். ஆயில் மூடியின் உள்பக்கம் வெண்ணெய் போல அப்பியிருக்கிறதே, அது இந்தத் தண்ணீர்தான்.

ஆயிலை வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். பழைய ஆயிலில் சேர்ந்த அமிலம் மூன்று மாதமும் பேரிங்கை அரிக்கும். குன்னூர் வரை ஓட்டித் திரும்பி, டேங்க்கைக் கழுத்து வரை நிரப்பி, சூட்டோடு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பிறகு டேங்க்கிலிருந்து பம்ப்புக்கு வரும் பைப்பைக் கழற்றி அடைத்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். புது ஆயில் எங்கும் பரவும், கார்பரேட்டரும் காலியாகும். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். ஈரத்தை இழுத்து, அளவு மீறினால் தண்ணீரோடு அடியில் பிரிந்து நிற்கும். அதனால்தான் டேங்க்கில் காற்றுக்கு இடம் வைக்கக் கூடாது.

நான்கு பிளக்கையும் கழற்றி, சிலிண்டருக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. ஆயில் விடுங்கள். நியூட்ரலில் ஹேண்டில் போட்டு நாலைந்து சுற்று சுற்றிவிட்டு பிளக்கை மாட்டுங்கள். கார்பரேட்டர் வாயையும் சைலன்சர் முனையையும் எண்ணெய்த் துணியால் அடையுங்கள். எலிக்கு அவை நல்ல பொந்து. அடைத்ததை ஓர் அட்டையில் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டுங்கள். மார்ச்சில் கட்டாயம் மறக்கும்.

ரேடியேட்டரைக் காலி செய்ய வேண்டாம். ஈரம் ஒட்டிய பிளாக்கில் காற்றும் புகுந்தால் துரு வேகமாக ஏறும். தலைகுந்தா பக்கம் புல் வெளுக்கிற உறைபனிக்கும், மூன்றில் ஒரு பங்கு எத்திலீன் கிளைகால் கூலன்ட், மீதி டிஸ்டில்டு வாட்டர் என்ற கலவை தாராளம். பித்தளை ரேடியேட்டருக்கு ஏற்ற பழைய ரகமா என்று கேட்டு வாங்குங்கள். புது ரகங்கள் சில, ரேடியேட்டரை ஈயம் வைத்துப் பற்றவைத்த இடங்களை அரிக்கும்.

திரும்பியதும் துணிகளை எடுத்து, பைப்பை மாட்டி, பிளக் இல்லாமல், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் வயரைப் பிடுங்கிவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். அப்புறம்தான் ஸ்டார்ட்.

கேள்வி: பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடலாமா? (கோத்தகிரி வாசகர்)

பதில்: கூடாது. மண் தரையின் ஈரம் உள்ளேயே வியர்க்கும். தார்ப்பாயைத் தரையில் விரித்து அதன் மேல் வண்டியை நிறுத்துங்கள். மேலே பருத்தித் துணி போதும். ஹேண்ட் பிரேக்கை இறக்கி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பிரேக் ஷூ டிரம்மில் ஒட்டாது.