கழிவுத் துணியில் கரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: பழைய துணியை எரித்துக் கிடைக்கும் கரியைத் தொட்டியில் போட்டால் குடிநீர் சுத்தமாகுமா?

ஆகாது. திறந்தவெளியில் எரித்தால் மிஞ்சுவது சாம்பல்தான். காற்றுப் படாமல் 400, 500 டிகிரியில் சுட்டால் கரி வரும். அதற்கும் 800 டிகிரிக்கு மேல் நீராவி காட்டினால்தான் நுண்துளைகள் திறந்து, மாசை ஈர்த்துப் பிடிக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் ஆகும். அப்போதும் அது கிருமியைக் கொல்லாது. குடிநீரில் இந்தச் சோதனையே வேண்டாம்.

கே: ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு கரி கிடைக்கும்?

எந்தத் துணி என்று எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்வது? சுத்தப் பருத்தி என்றே வைத்துக்கொள்கிறேன். கால் கிலோ போல வரும். நீராவி காட்டிய பிறகு அதுவும் குறையும். பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுட்டால் நுண்துளை திறக்க 500 டிகிரி போதும், கரியும் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் அமிலம் போகக் கழுவிய தண்ணீரை எங்கே விடுவீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

கே: கலப்புத் துணியைப் போடலாமா?

பாலியஸ்டர் 250 டிகிரியைத் தாண்டியதும் உருகி, எல்லாவற்றையும் கட்டியாக ஒட்டவைத்துவிடும். அக்ரிலிக், கம்பளி, பட்டு கலந்திருந்தால் சுடும்போது ஹைட்ரஜன் சயனைடு வரும். அது ஆளைக் கொல்லும் வாயு. லேபிளைப் பார்க்காமல் எதையும் உலையில் போடாதீர்கள்.

கே: கட்டிங் வேஸ்ட்டில் (துணி வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளில்) நாங்கள் செய்த கரி மெத்திலீன் ப்ளூ சாயத்தை 99 சதவீதம் நீக்குகிறது. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாமா?

இந்த 99 சதவீதக் கடிதம் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. எவ்வளவு தண்ணீரில் எவ்வளவு கரி போட்டீர்கள்? உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது: 100 மில்லி தண்ணீர், லிட்டருக்கு 10 மில்லிகிராம் சாயம், ஒரு கிராம் கரி. அதாவது மொத்தச் சாயமே ஒரு மில்லிகிராம். அதைப் பிடிக்க ஒரு கிராம் கரி! நல்ல கரி ஒன்று கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் பிடிக்கும். சதவீதத்தை விடுங்கள், கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்லுங்கள்.

அப்புறம், மெத்திலீன் ப்ளூ நேர்மின் சாயம், கரியில் சுலபமாக ஒட்டும். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயமோ எதிர்மின் சாயம். சாயத்தொட்டியிலிருந்து வெளியேறும் நீரில் லிட்டருக்கு 50 கிராம் வரைகூட உப்பு இருக்கும், காரத்தன்மையும் அதிகம், பிஎச் 10ஐத் தாண்டும். அந்த நீரில் சோதித்தீர்களா?

இன்னொன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழு, சுடாமல் பதப்படுத்திய துணித்துண்டுகளை என்னிடம் கொண்டுவந்தது. ஒரு துண்டை வெறும் தண்ணீரில் போட்டு இரவு முழுக்க விட்டேன். காலையில் தண்ணீர் இளநீலமாக இருந்தது. துணியின் சொந்தச் சாயமே கசிந்திருந்தது. மாசுநீரில் போடுமுன் வெறும் தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள்.

கே: கரி உப்பை எடுக்குமா?

எடுக்காது.

கே: சுடாமலே பயன்படுத்த வழி உண்டா?

உண்டு, எனக்குப் பிடித்த வழியும் இதுதான். பருத்தியை சிட்ரிக் அமிலக் கரைசலில் நனைத்து, உலர்த்தி, 140 டிகிரி வாக்கில் சூடாக்கினால் நாரில் கார்பாக்சில் குழுக்கள் ஒட்டிக்கொள்ளும். ஈயம், செம்பு அயனிகளை அவை பிடிக்கும். கழிவுக் கம்பளிக்கு அதுகூடத் தேவையில்லை. அதன் கெரட்டின் என்ற புரதத்தில் உள்ள கந்தகமே உலோகத்தைப் பிடிக்கும். நீர்விலக்கிப் பூச்சு போட்ட மழைக்கோட்டுத் துணியை மட்டும் தொடாதீர்கள், அதில் ஃப்ளூரின் சேர்மங்கள் இருக்கலாம். மறுபடியும் சொல்கிறேன்: லேபிளைப் பாருங்கள், வெறும் தண்ணீரில் ஊறவையுங்கள்.

கே: வேலை முடிந்த கரியைச் செடிக்கு உரமாகப் போடலாமா?

கூடவே கூடாது. நீரிலிருந்து எடுத்த சாயமும் ஈயமும் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கின்றன. சாயம் மட்டும் பிடித்த கரியை மறுபடி நீராவியில் சுட்டு மீட்கலாம். ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கு போல இழப்பீர்கள். உலோகம் பிடித்ததை அபாயக் கழிவாகத்தான் ஒப்படைக்க வேண்டும்.