போரில் தோற்ற தலைவர் பதவியில் நீடிப்பது எப்படி? 1967-இல் எகிப்தின் நாசர் தப்பிய கதை

போரில் தோற்ற தலைவரை மக்கள் ஏன் உடனே தூக்கி எறிவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் எகிப்தின் அன்றைய அதிபர் நாசர்தான்.

1967 ஜூன் 5 காலை, சில மணி நேரத்திலேயே இஸ்ரேல் எகிப்தின் விமானப்படையைத் தரையிலேயே நொறுக்கிவிட்டது. நான்கே நாளில் எகிப்தின் சினாய் தீபகற்பம் முழுவதும் கைவிட்டுப் போனது. ஆனால் கெய்ரோ வானொலி ஆரம்பத்தில் எதிரி விமானங்களை வீழ்த்தியதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

ஜூன் 9 மாலை நாசர் தொலைக்காட்சியில் தோன்றினார். வாடிய முகம், தளர்ந்த குரல். முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று சொல்லி, பதவி விலகுவதாக அறிவித்தார். நடந்ததைத் தோல்வி என்று சொல்லாமல் 'நக்ஸா', அதாவது பின்னடைவு என்றார். அந்த ஒரு சொல் செய்த வேலை கொஞ்சநஞ்சமல்ல. பேச்சு முடிந்ததும் லட்சக்கணக்கானோர் அழுதபடி தெருவுக்கு வந்தார்கள். மறுநாளே விலகலைத் திரும்பப் பெற்றார். அவருடைய கட்சியும் கூட்டம் சேர்த்தது உண்மைதான். ஆனாலும் அந்தக் கண்ணீர் பெரும்பாலும் நிஜம் என்றே நான் நம்புகிறேன். அவர் போனால் இஸ்ரேல் முழுமையாக ஜெயித்ததாகிவிடும் என்று மக்கள் நினைத்தார்கள்.

அப்புறம் பழி இறங்கியது ராணுவத்தின் மேல். நாசரின் நெருங்கிய நண்பரான தளபதி ஆமெர் நீக்கப்பட்டார். செப்டம்பரில் காவலில் இறந்தார். தற்கொலை என்றது அரசு, குடும்பம் இன்றுவரை ஏற்கவில்லை. சூடான் தலைநகர் கார்ட்டூமில் நடந்த அரபுத் தலைவர்கள் மாநாட்டில் சவூதி, குவைத், லிபியா பண உதவிக்கு ஒப்புக்கொண்டதால் கஜானாவும் தாக்குப்பிடித்தது.

கோபம் அடங்கிவிடவில்லை. தோல்விக்காக விசாரிக்கப்பட்ட விமானப்படை அதிகாரிகளுக்குக் கிடைத்த தண்டனை போதாது என்று 1968 பிப்ரவரியில் கெய்ரோவை அடுத்த தொழில்நகரமான ஹெல்வானின் தொழிலாளர்களும் மாணவர்களும் கொதித்தெழுந்தார்கள். நாசர் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டு, சீர்திருத்தம் தருவதாக வாக்களித்தார். 1970 செப்டம்பரில் இறக்கும் வரை அவர்தான் அதிபர்.